கிளிஃபர்ட் சொன்ன ஒரு சொல்

அக்டோபர் 27, திங்கள்

பக்கவாதம் வந்து ஐந்தாவது வாரம். என் கணவர் கிளிஃபர்டுக்குக் கை கால் தேறிவிட்டது, பேச்சுதான் குழறுகிறது; ஒரு சொல்லுக்கு வேறு சொல் வந்து விழுகிறது. இன்று ஆஸ்பத்திரிக்குச் சூப் கொண்டுபோய்க் கொடுத்து, எப்படி இருக்கு என்றேன். "பெஞ்ச்" என்றார். சிரிப்பதா அழுவதா? என் சமையலுக்கு அவர் தரும் பெரிய பட்டமே 'பரவாயில்ல'தான். இப்போது அதுவும் இல்லை.

புரிந்துதான் பேசுகிறாரா என்று பார்த்து, வீட்டுக்கு அனுப்புவதா, பராமரிப்பு இல்லத்துக்கா என்று வியாழக்கிழமை முடிவு செய்வார்கள்.

அக்டோபர் 28

பேச்சுப் பயிற்சி தரும் பலோமாவிடம், கிளிஃபர்டுக்குத் தரச் சொல்லி பார்க்கின் கேக் கொடுத்துவிட்டு வந்தேன். பயிற்சி நேரத்தில் என்னை உள்ளே விடமாட்டார்கள். பார்க்கின் ஓட்ஸ், இஞ்சி, கரும்புப்பாகு போட்டுச் சுடுவது. நாலு நாள் டப்பாவில் இருந்து நன்றாகப் பிசுபிசுத்திருந்தது.

அக்டோபர் 29

பலோமா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கேக் எப்படின்னு கேட்டேன். ஊருக்கு வெளியில இருக்கே தரிசு மேடு, அதைப் பத்தியே மூணு தடவை சொன்னார்." அறிக்கையிலும் எழுதிவிட்டாளாம். போச்சு. எல்லாம் போச்சு.

அக்டோபர் 30

டாக்டர், பலோமா, கிளிஃபர்ட் எல்லோரும் இருக்க, அறிக்கையை என் கையில் கொடுத்தார்கள். அவர் சொன்னதாக எழுதியிருந்தது 'மூரிஷ்' என்று. மூர் என்றால் தரிசு மேடு. வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன் - அட மக்கு ஏவிஸ், அது மோரிஷ்! எங்கள் யார்க்ஷயர் வாயில் இரண்டும் ஒன்றுதான். மோர் என்றால் இன்னும். ஒரு துண்டு தின்றால் இன்னொன்று கேட்கும் பண்டம் மோரிஷ்.

ஸ்பெயினிலிருந்து வந்து இரண்டே வருஷமான பலோமா அதைக் கேள்விப்பட்டதே இல்லை. எல்லாச் சாப்பாட்டுக்கும் சொல்வீர்களா என்றாள்.

"மாட்டோம். ஆட்டுக்கறி எவ்வளவு ருசியா இருந்தாலும் சொல்லமாட்டோம். கையை நிறுத்த முடியாம கொறிக்கிறோமே, அதுக்குத்தான்."

டாக்டர் நம்பின மாதிரி தெரியவில்லை. பலோமா எழுந்துபோய் ஆஸ்பத்திரி கஸ்டர்டைக் கொண்டுவந்து கிளிஃபர்ட் முன்னால் வைத்தாள். "மோரிஷா?"

ஒரு வாய் சாப்பிட்டார். கிண்ணத்தைத் தள்ளினார். "இல்ல."

டாக்டரே சிரித்துவிட்டார். வீட்டுக்குத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா.

நாற்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக என் கேக்கைப் பாராட்டியிருக்கிறார், அதைக் கேட்க நான் அங்கே இல்லை!

அக்டோபர் 31

புதிதாக ஒரு பார்க்கின் சுட்டு டப்பாவில் வைத்தேன்.

நவம்பர் 5

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று டப்பாவைத் திறந்தேன். அந்தச் சொல்லை என் காதால் கேட்டுவிட வேண்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்து, எப்படி இருக்கு என்றேன்.

மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே, "பரவாயில்ல" என்றார்.

டீ போடுகிற சாக்கில் திரும்பி நின்று அழுதேன்.