வலது பக்கத்து மட்கார்ட்

லட்லோ, 3 செப்டம்பர் 1956

அன்புள்ள மச்சான் வில்ஃப்,

கோவென்ட்ரியில் அந்தப் பெரிய கார்த் தொழிற்சாலையில் நலமாக இருக்கிறாயா? உன் அக்கா எனிட் கேட்கச் சொன்னாள்; நான் கேட்கவில்லை. பத்து வருடமாக இடது பக்கம் நானும் வலது பக்கம் நீயுமாகத் தகடு தட்டினோம். இப்போது இரண்டையும் நானே தட்டுகிறேன். லண்டன் கார் கண்காட்சிக்கு ஆறு வாரம்தான். புது வண்டியை அங்கே நிறுத்தாவிட்டால் நம் பட்டறையை மூட வேண்டியதுதான். நீ ஒன்றும் கவலைப்படாதே.

ஹொரேஸ்

கோவென்ட்ரி, 9 செப்டம்பர்

அன்புள்ள அத்தான்,

நாளெல்லாம் ஒரே திருகாணியை முடுக்குகிறேன். ஆனால் இங்கே யாரும், "கூரை வேணும்னா வீட்லயே கிட! ஸ்போர்ட்ஸ் காருக்கு எதுக்குடா கூரை, முட்டாப்பயலே?" என்று, கார் வாங்க வந்த டாக்டரம்மா முன்னால் உங்களைப் போலக் கத்துவதில்லை. தேநீருக்கு மணி அடிக்கிறார்கள்.

வில்ஃப்

லட்லோ, 19 செப்டம்பர்

மச்சான்,

வலது மட்கார்ட் உட்கார மாட்டேன் என்கிறது. இடதை அளந்து அச்சு அசலாகத்தான் செய்தேன். சந்தேகம் வந்து பழைய வண்டிகளை அளந்தால், ஐயோ! விற்ற நாற்பத்தொரு வண்டியிலும் உன் பக்கம் ஓர் அங்குலம் நீளம். நாம்தான் என்றைக்கும் அளவுப் படம் வரைந்ததில்லையே. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "என்ன ஹொரேஸ், வண்டி வாயைக் கோணிக்கிட்டு நிக்குது?" என்கிறார். உன் அளவை உடனே எழுதி அனுப்பு.

ஹொரேஸ்

கோவென்ட்ரி, 24 செப்டம்பர்

அத்தான்,

அளவாவது மண்ணாவது! கை போன போக்கில் தட்டியது. என் பக்கம் நீளமில்லை, உங்கள் பக்கம்தான் குட்டை. மட்கார்டின் சுகத்தை இவ்வளவு விசாரிக்கிறீர்கள். அன்றைக்கு என் மனம் எவ்வளவு புண்பட்டது என்று ஒரு வரி கேட்டீர்களா?

வில்ஃப்

லட்லோ, 1 அக்டோபர்

வில்ஃப்,

தப்பு என்னுடையதுதான். எனக்கு வாய் நீளம். நீ இல்லாத பட்டறையில் சுத்தியல் சத்தம்கூடப் பிடிக்கவில்லை. போதுமா? படித்ததும் எரித்துவிடு. உன் அக்காவுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

ஹொரேஸ்

கோவென்ட்ரி, 3 அக்டோபர்

அன்புள்ள அத்தான்,

வலது பக்கத்தைத் தொடாதீர்கள். கடிதத்தை எரிக்கவில்லை, அக்காவுக்கு ஒரு நகல் தபாலில் போட்டுவிட்டு, அசலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. பட்டறையில் உங்கள் மேசைக்கு நேர் மேலே மாட்ட வேண்டும். ஆணி அடிக்க வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன்.

வில்ஃப்