கோதுமையில்லாத ஸ்கோன்

செவ்வாய் இரவு. காவடிக்கு இன்னும் நான்கு நாள்.

கோதுமை, பால், முட்டை எதுவும் ஒத்துக்கொள்ளாத வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி எங்கள் ஓட்டலில் தங்கியிருக்கிறாள். மாலைத் தேநீருக்கு அவளுக்கும் ஸ்கோன் என்கிற, திராட்சை போட்ட குட்டி ரொட்டி வேண்டுமாம். முதல் மூன்று நாளும் செங்கல்லாகத்தான் வந்தது. இன்று அரிசி மாவோடு மரவள்ளி மாவு கலந்து, ஆப்பத்துக்குக் காய்ச்சுவதுபோலக் கொஞ்சம் கஞ்சி காய்ச்சி ஊற்றி, தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்தேன். மெத்தென்று வந்தது. விரதத்தில் இருக்கும் நானே ருசி பார்க்க முடிந்தது.

அம்மாள் இன்னும் ஒரு வாரம் தங்கப்போகிறாளாம். செஃப் கூப்பிட்டார். கிரியோலும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

"உன் லீவு பா காப்பாவ், முடியாது தம்பி. நீ போனா அது யார் செய்யறது?"

என் மகள் நோயிலிருந்து பிழைத்ததற்கு நேர்ந்த காவடி. சாந்த் குருவா ஊர்க் கோயிலில் பெயர்கூடக் கொடுத்தாயிற்று. சொன்னேன்.

"அடுத்த வருஷம் எடு."

அவரும் காவடி எடுப்பவர்தான். அவர் லீவு அப்படியே இருக்கிறது.

ஒரு பிடி மைதா சேர்த்தால் போதும், அந்த அம்மாள் படுத்துவிடுவாள், எனக்கும் விடுதலை. சாயங்காலம் மைதா டப்பாவைத் திறந்தேன். விரதக் கை, உள்ளே போகவில்லை.

நாளைய ஸ்கோன் கஞ்சிக்கு அரிசி மாவு எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்தேன்.