சாய்கோட்டில் நிற்க வேண்டும்

ஜூலை 9, செவ்வாய்.

வலது கை விபத்தில் போனபின் ஒற்றைக் கையால்தான் மடிக்கணினியில் கட்டளைகளைத் தட்டுகிறேன். இன்று அலுவலகத்தில், சாய்கோடுகள் (/) பிரிக்கும் நீளமான ஒரு கோப்புப் பாதையில் கடைசிப் பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு சொல்லை அழிக்கும் விசையை அழுத்தினேன். பாதை முழுவதும் போய்விட்டது. மறுபடி அடித்தேன், மறுபடியும் போனது. பக்கத்து இருக்கை சுமதி எழுந்து வந்தாள்.

"ஏனுங்ணா, நான் அடிச்சுத் தரட்டுங்களா?"

"வேண்டாங் கண்ணு, நானே பாத்துக்கறேன்."

மாலை எலப்புள்ளியில் வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். சாய்கோட்டையும் அது சொல்லின் பகுதியாகவே எண்ணியிருக்கிறது. சொல்லின் பகுதிகள் என்ற பட்டியலிலிருந்து அந்தக் குறியை நீக்கினேன். இப்போது விசையை அழுத்தினால் அழிப்பது ஒவ்வொரு சாய்கோட்டிலும் நிற்கிறது. நாளை சுமதி பார்க்கவே அந்தப் பாதையைத் திருத்துவேன். இடைக்கோட்டிலும் (-) நிற்க வேண்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கை வலிக்கிறது.