வைக்க மறந்த தட்டு

என் உரைகளை என்றும் முதலில் கேட்பவளே,

முறையீடு ஒன்று உண்டு; அது என்மீதே. பூச்சியின் தோலுரிப்பு இயக்குநீர், ஆய்வகத்தில் வளரும் அதன் உயிரணுக்களைப் பெருகவிடாது என்னும் உன் முடிவை, நீ சரிபார்க்குமுன்பே மேடையில் முழங்கிவிட்டேன்.

அதற்காகக் கோபித்து நீ பெட்டியோடு சென்ற மறுநாள் உன் ஆய்வகத் தோழி வந்தாள்.

"ஹார்மோன் இல்லாம வெறும் எரிசாராயம் மட்டும் விட்ட செல் தட்டு ஒண்ணு, ஒப்பிட்டுப் பாக்க, வைக்க மறந்துட்டோம், அண்ணா. செல் வளராம நின்னது ஹார்மோனாலயா, அதைக் கரைச்ச எரிசாராயத்தாலயான்னு ஆய்வைச் சரிபாக்குறவங்க கேக்குறாங்க. அதுக்கு உங்க மேடையில விழுந்த கைதட்டலையா காட்டறது?"

தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். உன் போர்வையை மடித்தேன். பிரித்து மீண்டும் மடித்தேன்.

இன்று மாலை அதே மேடையில் என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வீட்டுக்கு வா என்று கேட்கவில்லை. ஆய்வகத்துக்குப் போ. அந்தத் தட்டை இன்றே வை.

உன் கணவன்