கிரைண்டர் மூலையில் ஒரு குழி

கோவில்பதாகை
5-9-2025

வசந்தாவுக்கு,

அன்றைக்கு இருந்தவர்கள்: முழங்கால் தண்ணீரில் நான். கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி. மாடிப்படியில், கைக்குழந்தை ரோஷினியைத் தோளில் போட்டுக்கொண்டு என் மகன் அருள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நீ. டீசல் இன்ஜின் பக்கத்தில் உன் வீட்டுக்காரர் வேம்புலி. இன்ஜினை வாடகைக்குக் கொண்டுவந்த இளங்கோ. வேறு யாரும் இல்லை. பத்து வருஷம் ஆகப் போகிறது. ஒரு முகமும் எனக்கு மறக்கவில்லை.

உங்கள் வீட்டில் நின்ற வெள்ளத்தை இறைத்து, குழாயைச் சுவர்மேல் தூக்கிப் போட்டு, என் வீட்டுக்குள் விட்டீர்கள். மாவரைக்கிற கிரைண்டர் முழுகியது. இந்தத் தெருவே என் மாவில்தான் இட்லி தின்றது. அன்றோடு அந்தப் பிழைப்பு போயிற்று. நான் கத்தினேன். நீ சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாய்: "தண்ணி எங்கனா போய்த்தானே ஆவணும்க்கா?"

செத்தாலும் உன்னோடு பேச மாட்டேன் என்று அன்றைக்குச் சத்தியம் செய்தேன். இப்போதும் பேசவில்லை. எழுதுகிறேன். எழுத மாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே வந்து, நம் தெருவில் வாசற்படி ஏறிப் போன வீடெல்லாம் இப்போது படி இறங்கிப் போகிற வீடாகிவிட்டது. மழை வந்தால் என் கூடத்தில் தண்ணீர் வாசல் வழியாக வருவதில்லை, தரைக்குள்ளிருந்தே ஊறி வருகிறது. வீட்டை விற்றுவிட்டு ஃப்ளாட் வாங்கலாம் என்று அருள் நிற்கிறான். வாங்குகிறவனும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். நான் சண்டை போட்டு ஒரே ஒரு மழைக்காலம் தவணை வாங்கியிருக்கிறேன். தரைக்கடியில் ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ள மோட்டார் வைப்பார்களாம். அதை வைத்துப் பார்ப்பது, அப்படியும் கூடம் நனைந்தால் நான் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போடுவது என்று பேச்சு.

அந்த வேலைக்கு வந்தவன் பேர் விஷால். வாய் மூடாத பையன். உள்ளே வந்ததும், "பாட்டி, இந்த பேஸ்மென்ட்ட இன்னாவா யூஸ் பண்றீங்கோ?" என்று கேட்டான்.

"டேய், இது என் கூடம்டா!"

"கூடமாத்தான் இருந்திச்சி. ஊடு எறங்கல பாட்டி, ரோடு ஏறிகிச்சி. இப்போ இது பேஸ்மென்ட்டுதான்."

பிறகு நடுச்சுவரைக் காட்டி, குழாயை அதற்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் விட்டால் செலவு கம்மி என்றான். அந்தப் பக்கம் உன் வீடு. நீ வேலப்பன்சாவடிக்குப் போன பிறகு அதில் வாடகைக்கு ஒரு பெண் சின்னக் குழந்தையோடு இருக்கிறாள். அங்கேயா விடுவாய் என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "தண்ணி எங்கனா போய்த்தானே ஆவணும் பாட்டி?" என்றான்.

அவனை அன்றைக்கு அப்படியே அனுப்பிவிட்டேன்.

உன் வீட்டுப் பின்பக்கம் மழைநீர்க் கால்வாய் இருக்கிறது. உன் தோட்டத்து மண்ணுக்கு அடியில் குழாயைப் புதைத்துக்கொண்டு போனால் அதில் விட்டுவிடலாம். உன் இடம், நீ சரி என்று சொல்ல வேண்டும். கேட்டுவிட்டேன்.

ராஜம்மா


வேலப்பன்சாவடி
14-9-2025

ராஜம்மா அக்காவுக்கு வசந்தா வணக்கம்.

கடிதம் என்றதும் என் மகள் லாவண்யா கோர்ட் நோட்டீஸ் என்று பயந்துவிட்டாள். நான் கவரின் மேலிருந்த எழுத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டேன், இது நோட்டீஸ்தான், ஆனால் கோர்ட்டிலிருந்து இல்லை என்று.

குழாயைக் கொண்டு போங்கள். வாடகைப் பெண்ணிடம் போனில் சொல்லிவிட்டேன். கறிவேப்பிலை மரத்தின் வேரில் படாமல் தோண்டச் சொல்லுங்கள். அது நீங்கள் கொடுத்த கன்று.

இங்கே நான் நாலாவது மாடியில் இருக்கிறேன். தண்ணீர் என்னை எட்டாது என்று வந்தேன். கார் நிறுத்துகிற கீழ்த்தளத்தில் இரண்டு மோட்டார் வைத்து மழை முழுக்க இறைக்கிறார்கள். லிப்ட் கதவு திறந்தால் அந்தச் சத்தம்தான் வருகிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் அக்கா. என் வீட்டுக்காரர் பேரைக் குற்றப் பட்டியல் மாதிரி எழுதாதீர்கள். அவர் போனபோது நீங்கள் வருவீர்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்குகிற வரைக்கும் பார்த்தேன்.

முட்டிவலி எப்படி இருக்கிறது?

வசந்தா


கோவில்பதாகை
25-10-2025

வசந்தா,

நான் பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அருளிடம் சொன்னால், "மோட்டார்மா அது, அப்டித்தான் ஓடும்" என்கிறான். நீயாவது கேள்.

எங்கே தோண்டுவது என்று பார்க்க விஷால் ஒரு குடம் தண்ணீரைக் கூடத்தின் நடுவில் கவிழ்த்தான். அது அங்கே இங்கே தேடிவிட்டு, கடைசியில் ஒரு மூலையில் போய் நின்றது. கிரைண்டர் நின்ற மூலை! அத்தனை வருஷம் அந்தக் கல் ஆடி ஆடித் தரையை அமுக்கி வைத்திருக்கிறது. அங்கேதான் உடைத்தார்கள்.

இடுப்பளவு போனதும் குழியின் பக்கத்து மண் வியர்த்தது. பிறகு தண்ணீர் வந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, வானத்தில் பொட்டு மேகம் இல்லை, என் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது! தெளிந்ததும் குனிந்து கையை விட்டேன். பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. இதன் மேல்தான் இத்தனை காலமும் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். என் பிள்ளைகளை இதன் மேல்தான் பெற்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.

குழிக்குள் உடம்பெல்லாம் ஓட்டை போட்ட டிரம்மை இறக்கி, சுற்றிலும் ஜல்லி கொட்டினார்கள். சுவரோரம் சின்ன வாய்க்கால் வெட்டி நாலு பக்கத்து ஊற்றையும் அதற்குள் கூட்டி வந்தார்கள். மோட்டாரை உள்ளே வைத்தார்கள். போன தண்ணீர் திரும்பி வராமல் குழாயில் ஒரு வால்வு. கரண்ட் போனால் எடுத்துக்கொள்ள பேட்டரி. ஆயுத பூஜைக்கு மூடியில் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

தீபாவளி கழிந்து பிடித்ததே மழை, உன் பக்கமும் பெய்திருக்கும். பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. நான் மூடியைத் திறந்து வைத்து, ஸ்டூல் போட்டுக் குழியோரம் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் ஏறுகிறது. அதன்மேல் தேங்காய் மூடி பெரிசில் ஒரு மிதவை, அதுவும் கூடவே ஏறுகிறது. ஓர் உயரம் வந்ததும் தலையைத் தூக்கியது. உடனே மோட்டார் உறுமியது. யார் கையும் சுவிட்சில் படவில்லை வசந்தா! தண்ணீர் தன்னைத்தானே வெளியே அனுப்பச் சொல்கிறது. மடமடவென்று இறங்கியது, மிதவை படுத்துக்கொண்டது, மோட்டார் நின்றது. மறுபடி ஊறியது, மறுபடி எழுந்தது. கரண்ட் போனதும் எனக்கு உயிரே போயிற்று. கண் சிமிட்டுவதற்குள் பேட்டரியில் எடுத்துக்கொண்டது.

அப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குடை பிடித்துக்கொண்டு உன் தோட்டத்துக்கு வந்தேன். குழாய் புதைத்த இடத்தில் ஒரு கசிவுகூட இல்லை. வாடகைப் பெண்ணின் குழந்தை வாசலில் காய்ந்த காலோடு நிற்கிறது. பின்னால் போய்ப் பார்த்தால், என் வீட்டுக்கு அடியில் கிடந்த தண்ணீர் உன் மண்ணுக்கு அடியில் நடந்துபோய், ஒருத்தரையும் நனைக்காமல், கால்வாயில் விழுகிறது. கும்பிட்டுவிட்டேன். கூட வந்த ரோஷினி, "ஆயா, மோட்டார் தண்ணிய போய் கும்புட்றியே!" என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

கூடம் காய்ந்து கிடக்கிறது. அருள் தரையைக் காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். வாங்க வந்தவனுக்குப் போன் போட்டு, "இப்போ விக்கற ஐடியா இல்ல சார்" என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் சொல்கிறேன். வேம்புலியை மன்னித்துவிட்டேன்.

ராஜம்மா


வேலப்பன்சாவடி
2-11-2025

அக்கா,

நீங்கள் மன்னிப்பதற்கு அவர் என்ன செய்தார்?

சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். செத்த மனுஷனுக்கு நீங்கள் மன்னிப்பு அனுப்பிய பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

அன்றைக்கு அவர் கேட்டுவிட்டுத்தான் போட்டார். நீங்கள் உள்ளே அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தீர்கள். அவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே விடுவது என்று தெரியாமல் ரோட்டையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார். மாடிப்படியிலிருந்த அருளிடம், "இன்னாப்பா பண்றது?" என்று கேட்டார். அருள் சொன்னான்: "இங்கயே போடு மாமா. எங்க ஊடு எப்டியும் முழுகிடுச்சி. இது ஒழிஞ்சாத்தான் எங்கம்மா ஃப்ளாட்டுக்கு வரும்." நானும் பக்கத்தில் நின்றேன். உங்களையும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறான் என்று நாங்கள் நினைத்தோம். அந்த நினைப்பில்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

உங்களிடம் வந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன். அவர் விடவில்லை. "வாணாம் வசந்தா. தெரிஞ்சா ராஜம்மா பெத்த புள்ளையையே ஊட்ட உட்டுத் தொர்த்திடும். கைக்கொழந்தையோட எங்க போவான்? கோவம் நம்ம மேல இருந்துட்டுப் போவட்டும்" என்றார். கடைசி வரைக்கும் அப்படியே இருந்துவிட்டுப் போனார்.

இப்போது ரோஷினி வளர்ந்துவிட்டாள். அதனால் சொல்லிவிட்டேன். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

வசந்தா


கோவில்பதாகை
12-11-2025

அன்புள்ள வசந்தாவுக்கு,

இந்த வார்த்தையை எழுதி நாளாகிறது. கை வளையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அருள் மூடியைத் திறந்து டிரம்மில் சேர்ந்த சேற்றை எடுத்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். இல்லை என்று சொல்லுவான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "அப்போ எனுக்கு இந்த ஊடு போனாப் போதும்னு இருந்திச்சிம்மா" என்றான்.

"வேம்புலி சாவுக்கு நான் போவாம ஊட்ல குந்திகினு இருந்தேனே, அப்பக்கூட உன் வாய் தொறக்கலையேடா?"

அவன் குனிந்து மறுபடி சேற்றை அள்ளினான். அப்போது தண்ணீர் ஏறி மிதவை எழுந்தது. மோட்டார் ஓடி நிற்கிற வரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. அந்த நேரத்திலும் தீரவில்லை.

சத்தியம் முடிந்தது. உன் போன் நம்பரை எழுதி அனுப்பு, பேச வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நாள் புறப்பட்டு வா. வேம்புலி அண்ணன் படத்தையும் எடுத்து வா. சுவரோரம் வைத்து அவரிடம் நான் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் உனக்கு ஸ்டூல் போட்டு அந்தக் குழியைக் காட்டுகிறேன். பார்த்தால் நீயும் கும்பிடுவாய்.

ராஜம்மா

இன்னொன்று. அன்றைக்கு இருந்தவர்களை மறுபடி எண்ணிப் பார்த்தேன். இளங்கோ கூலிக்கு வந்தவன், அவனை விட்டேன். உங்கள் இரண்டு பேரையும் மன்னிக்க எனக்கு வாயில்லை, நீங்கள்தான் என்னை மன்னிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பாவம், கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. மிச்சம் ஒருத்தன். சோறு போடுகிறேன், நேற்று இருமினான் என்று கஷாயமும் வைத்துக் கொடுத்தேன். அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன், அருளை.