வேப்பூர் மேட்டில் மூன்றாவது கியர்

அம்மா வாசுகி,

நீ ரேஷன் கடையிலிருந்து வருவதற்குள் மறுபடியும் வண்டியை எடுத்துவிட்டேன். ஜாடி அறைச் சாவி அரிசிப் படிக்குள் இருக்கிறது.

உன் தம்பி அர்ச்சுனன் என் புல்லட்டின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, காற்றும் புகையும் போகிற துளைகளை அரத்தால் ராவி அகலப்படுத்தினான். "இருவது ரூவாய்க்கு என்னத்த ராவியிருக்கப் போறான்" என்று சாப்பிடும்போது சொன்னேன். மூன்று நாளாய் நீ என்னோடு பேசவில்லை.

இன்று காலை பன்னிரண்டு ஊறுகாய் ஜாடிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேப்பூர் ரோட்டு மேட்டில் ஏறினேன். எப்போதும் இரண்டாவது கியரில் திணறுகிற வண்டி மூன்றாவதிலேயே ஏறிவிட்டது. ஒரு பஸ்ஸையும் முந்தினேன். "பெருசு, எங்க பறக்குறீங்க" என்று டிரைவர் கத்தினார். ஐம்பத்தெட்டு வயதில் நடுரோட்டில் வாய்விட்டுப் பாடிக்கொண்டு போனேன். ஜாடி ஒன்றுகூட உடையவில்லை.

கிளம்பும்போது மட்டும் இழுவை கொஞ்சம் குறைவு. அதையும் அவனிடம் சொல். மற்றபடி அது நூறு ரூபாய் பெறும் வேலை.

மதியம் அவன் வருவான். கெளுத்திக் குழம்பில் நடுத்துண்டை அவனுக்கு வை. நான் நம் பக்கத்து மங்களூரில் என் சிநேகிதர் பக்கிரியைப் பார்க்கப் போகிறேன். அவர் வண்டியையும் அர்ச்சுனனிடமே கொடுக்கச் சொல்லப்போகிறேன்.

உன் மாமனார்
கோவிந்தசாமி

வேகத்தைப் பற்றி உன் அத்தையிடம் மூச்சு விடாதே.

இன்னொன்று. அன்று நான் பேசியதை அவன் வாசலில் நின்று கேட்டுவிட்டான் என்று நேற்றுதான் தெரிந்தது. சாப்பிட்டதும், நான் திரும்பி வரும்வரை அவனைப் போகவிடாதே. மன்னிப்பைச் சீட்டில் எழுதிக் கேட்க எனக்கு மனமில்லை.