நாலாம் நம்பர்ப் போத்தல்

கொழும்பில் கதிரை போட்டுக் கூப்பிட்டும் எங்கள் கிணற்றடிக்கே வந்து நின்ற என் செல்ல மருமகள் சுதர்சினிக்கு,

சுகம் கேட்க ஏலாது, அதனால் விசயத்துக்கு வருகிறேன். நீ சுற்றாடல் பொறியியலாளர் என்பதைச் சீனன்குடா முழுக்கப் பரப்பினவன் நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றாலும், தண்ணீர் ஆராய்ச்சியில் நீ பாதி, நான் பாதி என்றுதான் சொல்லித் திரிந்தேன். வாளி இழுத்தது நான்தானே?

காய்ச்சலில் கிடந்தபடி ஐந்து போத்தல் கிணற்றுத் தண்ணீரை என்னிடம் தந்தாய்.

"மாமா, தண்ணி சோதிக்கிற கந்தோரில குடுத்திடுங்கோ. முடிவு வந்தால்தான் கிணறுகளைக் காக்க ஒரு சட்டம் எழுதுவிக்கலாம்."

"உன்ர மாமன் ஆரெண்டு தெரியாதோ?" என்றேன்.

வழியில், சென்றிக் காவலரணில் மறித்தார்கள். "என்ன?" என்றான் ஆமிக்காரன். "தண்ணி, சேர்." "தண்ணி? குடி." நாலாம் நம்பரை எடுத்து நீட்டினான். ஆமி முகாமின் முட்கம்பி வேலியோரக் கிணறு. மண்ணெண்ணெய் மணக்கிறது, சோதிக்கும்வரை ஒருவரும் குடிக்கவேண்டாம் என்று நீ நிறுத்திவைத்தது. முழுவதும் குடித்தேன். அவன் சலூட் அடித்து அனுப்பினான் என்று ஊருக்குச் சொன்னேன். அடிக்கவில்லை, பிள்ளை. என் சாரம் நனைந்திருந்தது, அதுவும் போத்தல் தண்ணீரால் அல்ல.

திரும்பிப் போய் அள்ளப் பயம். பஸ் நிலையக் குழாயில் அந்தப் போத்தலை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கிழமை முடியமுன்னம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நேற்றுக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. நாலாம் கிணறு குடிக்க நல்லதாம். பக்கத்து வீட்டுப் பாக்கியம் உடனே வாளி போட்டாள். அவள் மகளுக்கு எட்டாம் மாதம்.

"அண்ணை, உங்கட மருமகள் செத்தும் எங்களுக்குத் தண்ணி தந்திட்டாள்."

தொண்டைக்குள் அந்த மண்ணெண்ணெய் திரும்பி வந்தது. இரவு முழுக்க அவள் மகளின் வயிறுதான் கண்ணுக்குள் நின்றது. அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆனால்?

இன்று காலை நாலாம் கிணற்றுக் கயிற்றை அறுத்தேன். "உங்களுக்கென்ன விசரே?" என்று பாக்கியம் கத்தினாள். "ஓம்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஊரும் அறியட்டும் என்று இதை உன் முப்பத்தோராம் நாள் நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தில் அச்சடிக்கக் கொடுக்கிறேன்.

போத்தலும் கையுமாய் வேலியோரம் குனிந்தாலே சுடுவார்கள் என்கிறார்கள். உண்மையாக இருக்குமோ?

ஆனாலும் நாளை விடிந்ததும் புதுக் கயிறோடு போவேன். நீ காட்டியபடி, அதே தண்ணீரால் மூன்று தரம் அலசிவிட்டு நிரப்புவேன். இந்தமுறை இரண்டு போத்தல். ஒன்று கந்தோருக்கு. மற்றது, குடி என்றால் குடிக்க.

வாளி மட்டுமே இழுத்த உன் தாய்மாமன்,
சின்னராசு